பிரதர்ஸ் யார், சன்ஸ் யார்? – கடைப் பெயரில் வரும் உடைமைக் கொக்கி

நம் கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டிலோ கடலையூர் ரோட்டிலோ காலாற நடந்து வந்தால், ஆங்கிலத்தில் எழுதிய பெயர்ப் பலகைகளில் ஒரு சிறு குறியைப் பார்க்கலாம். எழுத்தின் தலைக்கு மேலே, கமாவைத் தூக்கி வைத்தது போல் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு அப்பாஸ்ட்ரஃபி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தபோது நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நாம் இங்கே அதை உடைமைக் கொக்கி என்றே சொல்வோம். ஒரு பொருள் யாருடையது என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை.

இந்தக் கொக்கியைப் பற்றி வணிகர் இதழில் எழுதுவானேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் இந்தக் கொக்கியைத் தவறான இடத்தில் போடுவதற்கு வைத்திருக்கும் பெயரே 'காய்கறிக் கடைக்காரர் கொக்கி' என்பதுதான். அங்கே கடைக்காரர்கள் விலை அட்டையில் ஆப்பிள்கள் என்று எழுத நினைத்து 'ஆப்பிளுடைய' என்று பொருள்படும்படி எழுதி வைத்தார்கள். படித்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்து, நம் இனத்தார் பெயரையே அந்தப் பிழைக்குச் சூட்டிவிட்டார்கள். 2001-இல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் இந்தக் கொக்கியைக் காப்பாற்ற ஒரு சங்கமே தொடங்கினார். 2019-இல், தமக்கு 96 வயதானபோது, இனி முடியாது என்று அதை மூடினார். பின்னர் அது வேறொருவர் பொறுப்பில் மீண்டும் தொடங்கப்பட்டது.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். கடை யாருடையது, ஒருவருடையதா பலருடையதா என்ற கேள்வி நமக்குச் சிரிப்பான கேள்வி அல்ல. கடன் கொடுத்தவனும் கடன் வாங்கியவனும், பாகம் பிரிந்த அண்ணனும் தம்பியும் ஒருநாள் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

நம் அலமாரியிலேயே இருக்கிறது

பலசரக்குக் கடை அலமாரியை ஒரு தடவை பார்த்தாலே இந்தக் கொக்கியின் கதை தெரியும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரை எடுத்துக்கொள்வோம். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்பவர் செய்த மருந்து அது. உட்வர்ட்டுடைய கிரைப் வாட்டர் என்பதுதான் பெயரின் பொருள். பெயரின் கடைசியில் வரும் 'ஸ்' நம் ஊரில் 'உடைய' என்பதற்குச் சமம். கெல்லாக்ஸ் என்பதும் கெல்லாக் என்ற குடும்பத்தாருடையது என்றே பொருள்படும்.

ஹார்லிக்ஸ் இன்னும் சுவையான கதை. ஜேம்ஸ், வில்லியம் என்ற இரண்டு ஹார்லிக் சகோதரர்கள் 1873-இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில் அது. முதலில் கொக்கியோடு ஹார்லிக்'ஸ் என்றுதான் எழுதினார்கள். பிற்பாடு கொக்கி உதிர்ந்துவிட்டது. இன்று அந்தப் பாட்டிலை வாங்குகிறவர் யாரும் ஹார்லிக் என்று ஓர் ஆள் இருந்தார் என்று நினைப்பதில்லை. முன்பு காட்பரி'ஸ் என்று உறையில் இருந்ததும் இன்று வெறும் காட்பரி ஆகிவிட்டது.

சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகும் நம்மவர்கள் எல்லாருக்கும் பாரிமுனை தெரியும். 1788-இல் சென்னைக்கு வந்த தாமஸ் பாரி என்ற வணிகர் நிறுவிய கம்பெனியால் அந்த முனைக்குப் பெயர் வந்தது. ஆங்கிலத்தில் பாரி'ஸ் கார்னர், அதாவது பாரியுடைய முனை. நம் மக்கள் வாயில் அது 'பாரிஸ்' ஆயிற்று. பஸ்ஸில் 'பாரிஸ் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிறோம். பிரான்ஸ் தேசத்துத் தலைநகருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 'உடைய' என்ற பொருளில் வந்த அந்த 'ஸ்', பெயரோடு ஒட்டிக்கொண்டு பெயராகவே ஆகிவிட்டது.

பெரிய நிறுவனங்கள் சில கொக்கியை வைத்திருக்கின்றன, சில எடுத்துவிட்டன. 1844-இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை தன் பெயரில் கொக்கி இல்லாமலே வழங்குகிறது. இங்கிலாந்தில் வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற புத்தகக் கடை 2012-இல் தன் பெயரிலிருந்து கொக்கியை நீக்கியபோது பத்திரிகைகளில் பெரிய வாதமே நடந்தது. கணினிக் காலத்தில் கொக்கி இல்லாமல் இருப்பதே வசதி என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆகவே, பெயரில் கொக்கி வைத்தால்தான் மரியாதை என்று எண்ணத் தேவையில்லை. வைப்பதானால் சரியான இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழில் எப்படி?

தமிழில் இதை ஆறாம் வேற்றுமை என்று படித்தோம். 'என்னுடைய', 'கடையின்', 'அவரது' என்றெல்லாம் சொல்கிறோம். பேச்சிலோ அதுவும் வேண்டியதில்லை. 'அண்ணாச்சி கடை' என்றால் அண்ணாச்சியினுடைய கடை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உருபு மறைந்து நிற்கிறது, அவ்வளவே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வித்தியாசம் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல்படி, அந்தக் காலத் தமிழில் உடைமைப் பொருள் ஒன்றானால் 'அது' என்றும், பலவானால் 'அ' என்றும் உருபு வரும். எனது கை, என கைகள் என்பார்கள். அதாவது பொருள் எத்தனை என்று அந்த உருபு காட்டியது. ஆங்கிலக் கொக்கியோ உடையவர் எத்தனை பேர் என்று காட்டுகிறது. பொருள் ஒன்றா பத்தா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. நம்மவர்கள் ஆங்கிலப் பலகையில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தமிழ் 'அண்ணாச்சி கடை'யில் அண்ணாச்சி ஒருவரா மூவரா என்று எண்ணிச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு வருவதில்லை.

நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது. உடைமை இரண்டு வகை. கையும் காலும் குணமும் போல உடையவனை விட்டுப் பிரியாதது தற்கிழமை. வீடும் நிலமும் போல அவனிடமிருந்து பிரிந்து வேறொருவனுக்குப் போகக்கூடியது பிறிதின்கிழமை. சரக்கும் தராசும் கல்லாப்பெட்டியும் பிறிதின்கிழமை என்பதில் சந்தேகமில்லை. கடையின் பெயர் எந்த வகை? அப்பா பெயரில் நடந்த கடையை விற்றால், அப்பா பெயரும் கூடவே போகுமா? இதற்கு விடையைப் பின்னால் சட்டத்தில் பார்ப்போம்.

விதி எளிதுதான்

முதலில் கொக்கி வைக்கும் முறையைச் சொல்லிவிடுகிறோம்.

உடையவர் ஒருவரானால், பெயருக்குப் பின் கொக்கி, அதன் பின் எஸ். மெர்ச்சன்ட்'ஸ் என்றால் ஒரு வணிகருடையது.

உடையவர் பலரானால், அந்தச் சொல் ஏற்கெனவே எஸ் என்று முடிந்திருக்கும். அப்போது எஸ்ஸுக்குப் பின்னால் கொக்கி மட்டும் வைத்தால் போதும். மெர்ச்சன்ட்ஸ்' அசோசியேஷன் என்றால் வணிகர்கள் பலருடைய சங்கம். கொக்கியை எஸ்ஸுக்கு முன்னால் போட்டுவிட்டால் அது ஒரே வணிகருடைய சங்கம் என்று ஆகிவிடும். நம் சங்கங்களின் லெட்டர்பேடையும் ரப்பர் ஸ்டாம்பையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தமிழில் 'வணிகர் சங்கங்களின் பேரமைப்பு' என்று எழுதும்போது 'களின்' என்பது எத்தனை தெளிவாகப் பன்மையைக் காட்டுகிறதோ, அதே வேலையைத்தான் எஸ்ஸுக்குப் பின் வரும் கொக்கி செய்கிறது.

எஸ் இல்லாமலே பன்மையாகும் சொற்கள் சில உண்டு. மென், விமன், சில்ட்ரன் என்பவை அவை. இவற்றுக்குப் பன்மையிலும் கொக்கி முன்னால், எஸ் பின்னால். ஜவுளிக் கடைக்காரர்கள் மென்'ஸ் வேர் என்று எழுதுவது இதனால்தான். லேடீஸ் என்பதோ எஸ்ஸில் முடியும் பன்மை, அதற்குக் கொக்கி கடைசியில்.

தாஸ், ஜேம்ஸ் என்று ஒருவர் பெயரே எஸ்ஸில் முடிந்தால், கொக்கியோடு இன்னொரு எஸ் சேர்ப்பவர்களும் உண்டு, கொக்கியோடு நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் வழக்கில் உள்ளவையே. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அப்படியே எழுத வேண்டும்.

உடைமையே இல்லாத வெறும் பன்மைக்குக் கொக்கி கூடாது. எக்ஸ், ரைஸ் பேக்ஸ், புரொவிஷன்ஸ், டிரேடர்ஸ் என்பவை முட்டைகள், அரிசி மூட்டைகள், மளிகைச் சாமான்கள், வணிகர்கள் என்று மட்டும் பொருள்படும். இவற்றில் கொக்கி போடுவதுதான் அந்தக் காய்கறிக் கடைக்காரர் பிழை. நம் ஊர்ப்பக்கம் அதிகம் காண்பது 'அண்டு சன்'ஸ்' என்பது. சன்ஸ் என்றால் மகன்கள். இன்னாரும் மகன்களும் என்பதுதான் பெயர். அங்கே எதுவும் யாருடையது என்று சொல்லவில்லை. எனவே கொக்கிக்கு வேலையில்லை. அதே போல் 'அண்டு பிரதர்ஸ்' என்பதிலும் கொக்கி வராது.

கடிதத்திலும் பில்லிலும்

வெளியூர்க் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று போடுகிறோம். பலர் அந்த யுவர்ஸ் என்பதற்குள் கொக்கியை நுழைத்துவிடுகிறார்கள். அது தவறு. உங்களுடைய, அவர்களுடைய, அதனுடைய என்ற பொருளில் வரும் யுவர்ஸ், தெயர்ஸ், இட்ஸ் ஆகிய சொற்கள் தாமே உடைமையைக் காட்டுபவை. அவற்றுக்குக் கொக்கி கிடையாது. இட்ஸ் என்பதில் கொக்கி வந்தால் 'அது இருக்கிறது' என்று வேறு பொருள் ஆகிவிடும். அங்கே கொக்கி விடுபட்ட எழுத்துக்கு அடையாளமாக நிற்கிறது.

வியாபாரக் கடிதத்தில் இன்னொரு இடமும் உண்டு. முப்பது நாள் கடன், ஒரு மாத வாடகை, இரண்டு வாரத் தவணை என்று காலத்தைச் சொல்லும் இடங்கள். தேர்ட்டி டேஸ்' கிரெடிட் என்பதில் நாட்கள் பல, ஆகவே கொக்கி கடைசியில். ஒன் மன்த்'ஸ் ரென்ட் என்பதில் மாதம் ஒன்று, ஆகவே கொக்கி எஸ்ஸுக்கு முன்னால். தமிழில் நாம் 'நாள் கடன்' என்று உருபு இல்லாமலே முடித்துக்கொள்கிறோம். ஆங்கிலம் அங்கேயும் கணக்குக் கேட்கிறது.

இருவர் பெயர் சேர்ந்து வரும்போதுதான் நமக்கு முக்கியமான விதி வருகிறது. 'ராமனும் லட்சுமணனும்' என்று எழுதி, இரண்டாவது பெயருக்கு மட்டும் கொக்கியும் எஸ்ஸும் போட்டால், கடை ஒன்று, அது இருவருக்கும் கூட்டு. இரண்டு பெயருக்கும் தனித்தனியாகக் கொக்கி போட்டால், ராமனுக்கு ஒரு கடை, லட்சுமணனுக்கு ஒரு கடை. கூட்டா தனியா என்பதை ஒரு சிறு கீற்று தீர்மானிக்கிறது. பாகப் பத்திரத்தையோ விற்பனை ஒப்பந்தத்தையோ ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கொக்கியை நம்பாமல், 'இருவருக்கும் கூட்டாகச் சொந்தமானது' என்றோ 'தனித்தனியே சொந்தமானது' என்றோ முழு வாக்கியமாகவே எழுதிவிடுவது நல்லது.

பலகை பேசும், பத்திரம் முடிவு செய்யும்

கொக்கியைச் சரியாகப் போட்டுவிட்டால் மட்டும் உடைமை நிலைநாட்டப்படாது. பலகையில் 'அண்டு சன்ஸ்' என்று போட்டதனாலேயே மகன்கள் பங்குதாரர்கள் ஆகிவிடுவதில்லை. இந்தியப் பங்குடைமைச் சட்டம், 1932-இன்படி பங்குடைமை ஒப்பந்தத்தால் உண்டாவது. இரத்த உறவினாலோ பெயர்ப் பலகையினாலோ உண்டாவதில்லை. கடை அப்பா ஒருவர் பெயரில் இருந்தால் அவர் ஒருவரே உரிமையாளர். 'சன்ஸ்' என்பது ஆசையைத்தான் காட்டுகிறது.

ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பங்குதாரராக இல்லாத ஒருவர் தம்மைப் பங்குதாரர் என்று சொல்லாலோ செயலாலோ காட்டிக்கொண்டால், அல்லது பிறர் அப்படிக் காட்டுவதைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு அவரும் பொறுப்பாளி என்கிறது. பலகையில் பிரதர்ஸ் என்று இருக்கிறது, தம்பி தினமும் கல்லாவில் உட்காருகிறார், மண்டிக்கு வந்து 'நம்ம கடைக்கு இருபது மூட்டை போடுங்க அண்ணாச்சி' என்கிறார். அதை நம்பிச் சரக்குப் போட்டவரிடம், பிற்பாடு 'எனக்குக் கடையில் பங்கே கிடையாது' என்று சொல்லித் தப்புவது சுலபமல்ல.

கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். அண்ணன் தம்பி இருவரும் பங்குதாரர்களாகப் பிரதர்ஸ் என்ற பெயரில் பலசரக்குக் கடை நடத்தினார்கள். தம்பி விலகி வேறு ஊரில் தனிக்கடை போட்டார். பலகை மாறவில்லை, பில் புத்தகம் மாறவில்லை, விலகியதாக எந்த அறிவிப்பும் இல்லை. உளுந்து, பாசிப்பயறு, வத்தல் என்று மண்டிகளில் கடன் ஏறியது. அண்ணனுக்குத் தொழில் முடங்கியதும் கடன்காரர்கள் எல்லாரும் தம்பியைத் தேடிப் போனார்கள். சரக்குப் போட்டவர்களில் நாமும் ஒருவர். 'நான் விலகி ஒன்றரை வருசமாச்சே' என்றார் தம்பி. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அது அவருக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த உண்மை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, தம்பி ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு தவணையில் கட்டி முடித்தார். புதுக்கடையில் அவர் சேர்த்த முதலில் பாதி அதிலேயே போயிற்று. அவருடைய நாணயத்தை நாம் இன்றும் மதிக்கிறோம். ஆனாலும் அவர் அந்தத் துன்பத்தைப் பட்டிருக்கத் தேவையில்லை.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. பங்குதாரர் விலகும்போது பொது அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 32-ஆவது பிரிவு சொல்கிறது. கொடுக்காதவரை வெளியாருக்கு அவர் பழையபடியே பொறுப்பாளியாக நீடிப்பார். பதிவு செய்த நிறுவனமானால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்தப் பகுதியில் வழங்கும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டை உளுந்தின் இலாபத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கதல்ல என்று விட்டுவிடக் கூடாது. அது எத்தனையோ மூட்டைகளின் முதலைக் காப்பாற்றும்.

நிறுவனத்தைப் பதிவு செய்வதும் அவசியம். பதிவு செய்யாத பங்குடைமை நிறுவனம், தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக ஒப்பந்தத்தின் பேரில் வெளியார் மீது வழக்குப் போட முடியாது என்று 69-ஆவது பிரிவு தடுக்கிறது. மற்றவர் நம் மேல் வழக்குப் போடலாம், நாம் போட முடியாது என்ற நிலை எந்த வணிகருக்கும் வரக்கூடாது.

ஒரு ஆறுதலும் அந்தச் சட்டத்தில் உண்டு. பங்குதாரர் ஒருவர் காலமான பின்பும் பழைய பெயரிலேயே, ஏன் காலமானவர் பெயரிலேயே கடை தொடர்ந்தால், அந்தக் காரணத்தால் மட்டும் அவருடைய வாரிசுகளோ அவர் விட்டுச் சென்ற சொத்தோ, அவர் இறந்த பிறகு கடை வாங்கிய கடனுக்குப் பொறுப்பாவதில்லை. அப்பா பெயர் பலகையில் இருக்கிறதே என்று விதவைத் தாயாரிடம் போய்ப் பாக்கி கேட்பது சட்டப்படியும் சரியல்ல.

பெயர் எந்தக் கிழமை?

இப்போது நன்னூல் கேள்விக்கு வருவோம். கடைப் பெயரும் அதனால் வரும் நல்லெண்ணமும் நிறுவனத்தின் சொத்து என்றே சட்டம் கொள்கிறது. கடையைக் கலைத்துக் கணக்கு முடிக்கும்போது அந்த நல்லெண்ணமும் சொத்தில் சேரும், அதைத் தனியாகவும் விற்கலாம் என்று 55-ஆவது பிரிவு சொல்கிறது. விற்ற பிறகு பழைய பங்குதாரர் அதே தொழிலை அடுத்த தெருவில் செய்யலாம். ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பழைய பெயரைப் பயன்படுத்தவோ, பழைய நிறுவனம் நாமே என்று காட்டிக்கொள்ளவோ, பழைய வாடிக்கைக்காரர்களைத் தேடிப்போய் அழைக்கவோ கூடாது. ஆக, கடைப் பெயர் பிறிதின்கிழமைதான். கைமாறக்கூடியது.

ஆனால் மனிதனுடைய சொந்தப் பெயரை முழுவதும் பிடுங்கிவிட முடியாது. வணிகச் சின்னங்கள் சட்டம், 1999-இன் 35-ஆவது பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதில்லை. 'நேர்மையாக' என்ற சொல்லில்தான் வழக்கு முழுவதும் இருக்கிறது. பீகானேரில் தொடங்கிய ஹல்திராம் என்ற பெயர் அதைத் தொடங்கிய தாத்தாவின் செல்லப்பெயர். டெல்லியிலும் கல்கத்தாவிலும் இருந்த குடும்பக் கிளைகள் அந்தப் பெயருக்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறின. மிட்டாயும் காரமும் செய்த வருமானத்தில் ஒரு பங்கு வக்கீல் கட்டணமாகப் போயிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். நம் ஊரில் இருக்கும் தீப்பெட்டி லேபிள்களுக்கும் இதே கதைதான். லேபிள் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்காமல் பாகம் பிரித்தால், இயந்திரம் ஒருவருக்கும் பெயர் இன்னொருவருக்கும் போய், இரண்டும் பயனில்லாமல் கிடக்கும். வணிகச் சின்னப் பதிவு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பெயர்

கடைசியாக நம் ஊர்ப் பெயருக்கு வருவோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது நாம் அனைவரும் மகிழ்ந்த செய்தி. அதற்கான விண்ணப்பத்தை 2014-இல் கொடுத்தது கடலைமிட்டாய் உற்பத்தியாளர்கள், விற்பனையாளர்களின் சங்கம். 1940-களில் இங்கே பலசரக்குக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் என்பவர் இந்த மிட்டாய்க்கு வழிகாட்டியவர் என்று சொல்லப்படுகிறது. கரிசல் மண்ணின் நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்து உண்டான பெயர் அது.

அந்தப் பெயரில் யாருடைய கொக்கி வரும்? எந்தத் தனி ஆளுடையதும் வராது. புவிசார் குறியீட்டுச் சட்டம், 1999-இன் 24-ஆவது பிரிவு, இந்த உரிமையை விற்கவோ, மாற்றிக் கொடுக்கவோ, அடகு வைக்கவோ, உரிமம் கொடுக்கவோ முடியாது என்கிறது. வணிகச் சின்னத்தை விற்கலாம், இதை விற்க முடியாது. வரையறுக்கப்பட்ட பகுதியில், வரையறுக்கப்பட்ட முறையில் செய்து, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர் பயன்படுத்தலாம். நன்னூல் சொன்ன தற்கிழமைக்கு மிக அருகில் வருவது இதுதான். ஊரை விட்டுப் பிரியாத பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இப்படியே 2019-இல் இந்தக் குறியீட்டைப் பெற்றது.

பெயர் எல்லாருடையதும் என்றால் பொறுப்பும் எல்லாருடையதும். ஒருவர் சொத்தைக் கடலையைப் போட்டுக் கோவில்பட்டி என்று அச்சடித்து அனுப்பினால், நட்டம் அவருக்கு மட்டும் இல்லை. எங்கோ தயாரித்த மிட்டாயை வாங்கி இந்த ஊர்ப் பெயரில் விற்கும் சில்லறைக் கடைக்காரரும் தம் அண்டை வீட்டார் சொத்தில் கைவைக்கிறார். பதிவு செய்யாத உற்பத்தியாளர்கள் இன்னும் இருந்தால், சங்கத்தை அணுகிப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறோம்.

வணிகர்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, பெயர்ப் பலகை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15-ஆவது விதிப்படி பலகையில் தமிழ் இருக்க வேண்டும், பிற மொழி அதற்குக் கீழே வர வேண்டும். தமிழில் முருகன் பிரதர்ஸ் என்று எழுதினால் கொக்கிப் பிரச்சினையே இல்லை. ஆங்கிலத்தை பிளக்ஸ் அடிப்பவர் கையில் விட்டுவிடாமல், எழுத்து எழுத்தாகத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. விதிகள், 2017-இன்படி வாசல் பலகையில் ஜி.எஸ்.டி. எண்ணும், கடைக்குள் பதிவுச் சான்றும் காணும்படி இருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லா இடத்திலும் ஒரே பெயர். ஜி.எஸ்.டி. சான்றில் சட்டப் பெயர் வேறு, வணிகப் பெயர் வேறு. சட்டப் பெயர் பான் அட்டையில் உள்ளபடி வரும். வங்கிக் கணக்கு, உணவுப் பாதுகாப்பு உரிமம், பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப் இவற்றில் ஒன்றில் கொக்கியும் ஒன்றில் கொக்கியின்மையுமாக இருந்தால், காசோலை எழுதுகிறவருக்கும் சரிபார்க்கிற அதிகாரிக்கும் குழப்பம். கணினிப் படிவங்கள் சில இந்தக் குறியை ஏற்பதும் இல்லை. புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் கொக்கி இல்லாத பெயராகவே வைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது, பெயர் யாருடையது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். பங்குப் பத்திரத்தில் 'நிறுவனத்தின் பெயர், லேபிள், நல்லெண்ணம் ஆகியவை பிரிவினையின்போது இன்னாருக்கு, இன்ன மதிப்பில்' என்று ஒரு பத்தி சேர்த்தால் போதும். பெரியவர் இருக்கும்போதே, மனத்தாங்கல் வருவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

நான்காவது, சரக்குப் போடுகிற மொத்த வணிகர்களுக்கு. பலகையைப் பார்த்துக் கடன் கொடுக்காமல், புதுக்கணக்குத் தொடங்கும்போதே பங்குதாரர் யார் யார் என்று கேட்டு ஜி.எஸ்.டி. சான்றின் நகலையும் பங்குப் பத்திரத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சியிடம் இதைக் கேட்பதா என்று கூச்சப்பட வேண்டாம். கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் அது பாதுகாப்பு.

வரும் ஆயுத பூஜைக்குக் கடையை ஒதுங்க வைக்கும்போது, பலகையையும் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்குமாறு வணிகச் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றையே சொன்னால் நிம்மதி. வேறு வேறாகச் சொன்னால், பெயிண்டரையும் ஆடிட்டரையும் அந்த வாரமே கூப்பிட்டு அனுப்புவது நல்லது.